களத்துக்குக் கிளம்பும் முன் தரவு ஆலோசகரைப் பாருங்கள்

1889 ஏப்ரல் 17. ஜெர்மனியில் போட்ஸ்டாமிலும் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனிலும் வைத்திருந்த இரண்டு ஊசல் கருவிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆடின. கருவிகளை அமைத்தவர் எர்ன்ஸ்ட் ஃபான் ரெபோயர்-பாஷ்விட்ஸ். தரை எவ்வளவு நுணுக்கமாகச் சாய்கிறது என்று அளக்க வைத்த கருவிகள் அவை, நிலநடுக்கத்தைப் பிடிக்க வைத்தவை அல்ல. பிறகு ஓர் அறிவியல் இதழில் டோக்கியோ நிலநடுக்கம் பற்றிய செய்தி அவர் கண்ணில் பட்டது. அதில் தேதி ஏப்ரல் 18 என்றிருந்தது. டோக்கியோ நேரத்தை கிரீனிச் நேரத்துக்கு மாற்றிக் கணக்குப் போட்டதும் விஷயம் பிடிபட்டது. பூமியின் ஒரு மூலையில் நடந்த நிலநடுக்கம் இன்னொரு மூலையில் கருவியில் பதிவாகும் என்பதை உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் ஊசலைப் புகழ்வார்கள். எனக்கு அந்தக் கடிகாரக் குறிப்புதான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு நாடுகளில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு தரப்பினர், எந்தக் கடிகாரப்படி எத்தனை மணி என்று எழுதி வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் போட்ஸ்டாம் பதிவு ஒரு கிறுக்கலாகவே கிடந்திருக்கும்.

ஜெர்மனிக்கு முனைவர் பட்டத்துக்கோ முதுகலை ஆய்வேட்டுக்கோ வரும் புவி அறிவியல் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலவியல், நீரியல், வானிலை, கடல், மண் என்று எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி. இங்கே ஆய்வுத் தரவைப் பராமரிக்க உதவுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நம்மில் பலர் அவர்களைத் தேடிப் போவது ஆய்வேடு முடிகிற மாதம்தான். அதற்குள் பாதிக் குறிப்புகள் தொலைந்திருக்கும்.

ஒரு சோதனையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படியுங்கள். உங்கள் கோப்பை முன்பின் தெரியாத ஒருவர் திறக்கிறார். உங்களுக்கு ஃபோன் செய்யாமல் அவரால் அதைப் பயன்படுத்த முடியுமா? நான் இதை ஃபோன் சோதனை என்பேன். அந்த முன்பின் தெரியாதவர் பெரும்பாலும் ஐந்து வருடம் கழித்து வரும் நீங்களேதான்.

முதல் வாரம்: யாரைக் கேட்பது

முதலில் உங்கள் குழுவிலேயே மூத்த மாணவர் ஒருவரைப் பிடியுங்கள். “தரவை எங்கே வைக்கிறீர்கள், எப்படிப் பெயரிடுகிறீர்கள்?” என்று கேளுங்கள். எழுதி வைத்த விதி ஒன்று இருக்கும், நடைமுறை வேறொன்றாக இருக்கும். இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து உங்கள் பல்கலைக்கழக நூலகம். ஆய்வுத் தரவுப் பிரிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அல்லது கணினி மையத்தில். டேட்டா ஸ்டூவர்ட், அதாவது தரவு ஆலோசகர், என்ற பதவியில் ஒருவர் இருப்பார். அவர் புவி அறிவியல் படித்தவராக இல்லாமல் இருக்கலாம். சேமிப்பு இடம், உரிமம், நிதி நிறுவன விதிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

துறை சார்ந்த கேள்விக்கு என்எஃப்டிஐ4எர்த் இருக்கிறது. ஜெர்மனியின் தேசிய ஆய்வுத் தரவுக் கட்டமைப்பு, சுருக்கமாக என்எஃப்டிஐ, துறைவாரியாகக் கூட்டமைப்புகளை அமைத்து நிதி தருகிறது. அதில் புவி அமைப்பு அறிவியலுக்கான கூட்டமைப்பு இது. 2021 அக்டோபரில் தொடங்கியது, டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது. பல நிறுவனங்களின் தரவு வல்லுநர்கள் சேர்ந்து ஓர் உதவி மேசையை நடத்துகிறார்கள். நீங்கள் கேள்வியை அனுப்பினால், அந்தத் துறை தெரிந்தவரிடம் அது போய்ச் சேரும். இதுபோக ‘லிவிங் ஹேண்ட்புக்’ என்று ஓர் இணையக் கையேடும் பயிற்சிப் பாடங்களும் வைத்திருக்கிறார்கள். கையேட்டை முழுதாகப் படிக்க உட்காராதீர்கள், தூக்கம் வரும். கேள்வி எழும்போது தேடிப் படிப்பதே நல்லது.

மின்னஞ்சல் எப்படி எழுதுவது? “தரவு மேலாண்மை பற்றி உதவி வேண்டும்” என்று மட்டும் எழுதினால் அவர்களும் பொதுவாகத்தான் பதில் சொல்வார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: “பிராண்டன்பர்க்கில் இரண்டு வருடம் மண் ஈரம் அளக்கப் போகிறேன். 12 சென்சார்கள், 10 நிமிடத்துக்கு ஒருமுறை. ஏறக்குறைய 12.6 லட்சம் எண்கள் சேரும். கூடவே 80 மண் மாதிரிகள். இன்னொரு பல்கலைக்கழகக் குழு அதே வயலில் மழையளவு எடுக்கிறது. முடிவில் இரண்டையும் சேர்த்து வெளியிட வேண்டும். எங்கே வைப்பது, எந்த வடிவத்தில், யார் பெயரில்?” இப்படிக் கேட்டால் ஒரே பதிலில் பாதி வேலை முடிந்துவிடும்.

அளவைச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், மேலே சொன்ன மண் ஈரத் தரவு ஐம்பது எம்பிகூட வராது. ஆனால் ஒரே ஒரு நிலநடுக்க நிலையம் மூன்று திசைகளில், நொடிக்கு 100 முறை அளந்தால் ஒரு நாளைக்கே 2.59 கோடி எண்கள். இரண்டுக்கும் வழி வேறு, வீடும் வேறு.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். “இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் தொந்தரவு கொடுக்கலாமா” என்ற தயக்கம் நம்மவர்களுக்கு ரொம்ப அதிகம். எனக்கும் இருந்தது. கேள்விகள் வந்தால்தான் அந்த உதவி மேசைக்கு நிதி தொடரும். கேட்பது நீங்கள் அவர்களுக்குச் செய்யும் உதவியும்கூட.

முதல் மாதம்: இரண்டு பக்கத் திட்டம், ஒரு பக்க ஒப்பந்தம்

தரவு மேலாண்மைத் திட்டம் என்றதும் பயப்பட வேண்டாம். என்ன சேகரிக்கிறேன், எங்கே வைக்கிறேன், யார் பார்க்கலாம், முடிவில் எங்கே போகும், செலவு எவ்வளவு என்று இரண்டு பக்கம் எழுதினால் போதும். பல பல்கலைக்கழகங்களில் ஆர்டிஎம்ஓ என்ற கருவி இருக்கும். அது கேள்வியாகக் கேட்கும், பதிலை நிரப்பினால் ஆவணம் தயாராகிவிடும். ஜெர்மன் ஆய்வு நிதியமான டிஎஃப்ஜி விண்ணப்பத்திலேயே தரவை எப்படிக் கையாள்வீர்கள் என்று எழுதச் சொல்கிறது, அதற்கான செலவையும் கேட்க விடுகிறது. ஆய்வுத் தரவைப் பொதுவாகப் பத்து வருடம் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதன் நன்னெறி விதிகளில் உண்டு. உங்கள் பேராசிரியர் இந்தச் செலவை விண்ணப்பத்தில் கேட்டிருக்கிறாரா என்று மெதுவாக விசாரியுங்கள்.

திட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒப்பந்தம். இரண்டு குழுக்கள் சேர்ந்து வேலை செய்தால் சண்டை வரும் இடம் எப்போதும் ஒன்றுதான்: யார் தரவை யார் முதலில் வெளியிடுவது. இதை மனக்கசப்பு வருவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி மொசைக் பயணம். ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 2019 செப்டம்பரில் கிளம்பி, ஆர்க்டிக் பனியோடு பனியாக உறைந்து மிதந்து, 2020 அக்டோபரில் திரும்பியது. இருபது நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானவர்கள் பங்கேற்றார்கள். ஒருவர் வளிமண்டலம், ஒருவர் பனி, இன்னொருவர் கடல் நுண்ணுயிர். அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு தரவுக் கொள்கையை முன்னதாகவே வகுத்துவிட்டார்கள். கப்பலிலேயே ஒரு பொதுச் சேமிப்பகம். பயணத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் எல்லாம் உலகத்துக்குத் திறக்கப்பட வேண்டும். தேதி குறித்துவிட்டதால் “இன்னும் கொஞ்ச நாள்” என்று இழுக்க யாருக்கும் வழியில்லை.

உங்கள் இரண்டு குழு வயலுக்கு ஒரு பக்கம் போதும். எந்தத் தேதி வரை தரவு உள்ளுக்குள் இருக்கும், அடுத்த குழுவின் எண்ணைப் பயன்படுத்தினால் ஆசிரியர் பட்டியலில் பெயரா அல்லது நன்றி மட்டுமா, சென்சாரைப் பராமரித்த தொழில்நுட்பருக்கு என்ன அங்கீகாரம். இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. ஜனவரிக் குளிரில் பேட்டரி மாற்றப் போனவர் அவர். தரவுத் தொகுப்பின் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் வருவதே நியாயம் என்பது என் கட்சி.

இதே மாதத்தில் ஆர்கிட் எண் ஒன்று வாங்கிவிடுங்கள். 16 இலக்க ஆய்வாளர் அடையாளம், இலவசம், ஐந்து நிமிட வேலை. நம் பெயர்களுக்கு இது ரொம்பவே தேவை. முன்னெழுத்து எது, அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று தெரியாமல் ஐரோப்பிய மென்பொருள்கள் நம்மை மூன்று நான்கு ஆட்களாகப் பிரித்துவிடும்.

களத்துக்குப் போகும்போது

மாதிரிக்குப் பெயர் வைப்பதிலிருந்து தொடங்குங்கள். “மண்1”, “மண்2_புதியது”, “மண்2_சரியானது” என்று வைத்தால் ஆய்வகத்தில் அழுவீர்கள். இடத்தின் குறி, தேதி, ஆழம், வரிசை எண் என்று ஒரே ஒழுங்கில் வையுங்கள். தேதியை 2024-06-15 என்று வருடத்தை முதலில் போட்டு எழுதினால் கோப்புகள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

மாதிரிகளுக்கு உலகளாவிய நிலையான எண்ணும் உண்டு, ஐஜிஎஸ்என் என்பார்கள். பாறைத் துண்டுகளுக்காகத் தொடங்கியது, இப்போது எல்லா வகை மாதிரிகளுக்கும் பொது. ஒரே பாறையை ஒருவர் வயது கணிக்க வெட்டுவார், இன்னொருவர் வேதியியல் பார்க்க அரைப்பார். இரண்டு கட்டுரைகளும் ஒரே கல்லைத்தான் பேசுகின்றன என்று இந்த எண் இருந்தால்தான் தெரியும். களத்துக்குப் போகும் முன்பே எண்களை வாங்கிப் பைகளில் ஒட்ட முடியுமா என்று தரவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

நேரத்துக்கு வருவோம். என் சொந்த அனுபவம் ஒன்று. முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம், ஒரு வயலில் மழைமானியும் மண் ஈர சென்சாரும் வைத்திருந்தோம். வரைபடம் போட்டுப் பார்த்தால், மழை பெய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பே மண் நனைந்திருக்கிறது! மூன்று வாரம் இதற்கு விளக்கம் தேடினேன். நிலத்தடி நீர் மேலே ஏறுகிறதா, பக்கத்து வயலில் பாசனமா என்று என்னென்னவோ எழுதினேன். கடைசியில் பார்த்தால், மழைமானியின் லாகரை, அதாவது அளவீடுகளை நேரத்தோடு பதிந்து வைக்கும் பெட்டியை, ஒருவர் தன் மடிக்கணினி நேரத்துக்கு வைத்திருக்கிறார், சென்சார் லாகரை நான் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு வைத்திருக்கிறேன். ஜெர்மனியில் கோடையில் இரண்டுக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம்.

கோடை நேரம் நமக்குப் பழக்கமில்லாத விஷயம். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3க்குத் தாவும். அக்டோபர் கடைசி ஞாயிறு 3 மணி ஆனதும் மறுபடி 2 ஆகும். அன்றைக்கு 2.30 மணி இரண்டு முறை வரும். உள்ளூர் நேரத்தில் எழுதும் லாகர் ஒரே நேர முத்திரையோடு இரண்டு அளவீடுகளைத் தரும், எது முதல் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லாக் கருவியும் வருடம் முழுக்க யுடிசியில் இருக்கட்டும். அதைக் கோப்பின் தலைப்பிலும் எழுதுங்கள்.

நேரம் சரியாக இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. “10:00” என்று எழுதிய மழையளவு எந்த ஒரு மணி நேரத்துக்கு உரியது? 9லிருந்து 10 வரையா, 10லிருந்து 11 வரையா? நம் ஊர் மழைச் செய்தியை நினைத்துப் பாருங்கள். “இன்று காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில்” என்று சொல்லிவிட்டுத்தான் சென்டிமீட்டர் கணக்கைச் சொல்வார்கள். அந்த வாசகம்தான் மெட்டாடேட்டா. தரவைப் பற்றிய தரவு என்று பாடப்புத்தகம் சொல்வதை நாம் சின்ன வயதிலிருந்தே வானொலியில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது இல்லாமல் “நுங்கம்பாக்கம் 7 செ.மீ.” என்றால் எந்த நாள் மழை என்றே தெரியாது.

இடம். அட்சரேகை முதலா தீர்க்கரேகை முதலா என்று எழுதாத கோப்புகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். போட்ஸ்டாம் ஏறக்குறைய வடக்கு 52.4, கிழக்கு 13.1. மாற்றிப் போட்டால் அரபிக்கடலில் சொகோட்ரா தீவுப் பக்கம் போய் விழும். சென்னையின் 13.1, 80.3ஐ மாற்றினால் ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே கடலில் இருக்கும். இரண்டும் காலியாக இருந்து மென்பொருள் பூஜ்யம் பூஜ்யம் என்று நிரப்பினால், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில். அந்த இடத்துக்கு ‘நல் ஐலண்ட்’ என்று கேலியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். தீவு எதுவும் அங்கே கிடையாது. ஒரு வானிலை மிதவையை நிறுத்தியிருந்தார்கள், அப்புறம் உலகெங்கிலும் இருந்து வழி தவறி வந்த தரவுகள்.

எந்த ஆயத்தொலைவு முறை என்று சொல்லும் ஈபிஎஸ்ஜி குறியீட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் தருவது 4326. ஜெர்மன் அரசு வரைபடங்கள் மேற்கே 25832, கிழக்கே 25833. பழைய வரைபடங்களில் இன்னும் காவுஸ்-க்ரூகர் முறை இருக்கும். உயரத்துக்கும் தனிக் கணக்கு: எந்தக் கடல் மட்டத்திலிருந்து? ரைன் நதியின் குறுக்கே ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்க லாஃபன்பர்க்கில் பாலம் கட்டினார்கள். ஜெர்மனி வடகடலை வைத்து உயரம் சொல்கிறது, சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை வைத்து. வித்தியாசம் 27 செ.மீ. என்பது பொறியாளர்களுக்குத் தெரியும், சரிசெய்யவும் செய்தார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003இல் பார்த்தபோது இரு கரைக்கும் 54 செ.மீ. இடைவெளி. ஆகவே 27 என்ற எண்ணோடு அது எந்தப் பக்கம் என்பதையும் எழுதுங்கள்.

களக் குறிப்பேட்டை அன்றாடம் மாலையில் ஃபோனில் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். குறிப்பேடு ஆற்றில் விழும். நிச்சயம் விழும்.

அட்டவணை: இங்கேதான் பாதிப் பேர் வழுக்குவார்கள்

நம் ஊரில் 3.5 என்பது ஜெர்மனியில் 3,5. நம் ஊரில் 1,234 என்பது ஆயிரத்துச் சொச்சம், இங்கே அது ஒன்றேகால் கூட இல்லை. ஜெர்மன் அமைப்புள்ள எக்ஸெலில் 1.12 என்று தட்டினால் டிசம்பர் 1 என்று மாற்றிவிடும். ஒரு ஐசோடோப் அட்டவணையில் 3.5 என்பதெல்லாம் மே மாதம் 3ஆம் தேதியாகிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் தரவைத் தட்டச்சு செய்யும் முன் குழுவில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வாருங்கள். புள்ளிதான் தசமக் குறி. கோப்பு சாதாரண சிஎஸ்வி உரைக்கோப்பு, எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8. எக்ஸெலில் இருமுறை சொடுக்கித் திறக்காமல், இறக்குமதி வழியாகப் போய் ஒவ்வொரு நெடுவரிசையும் எண்ணா உரையா என்று சொல்லித் திறக்கவும். ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் எக்ஸெல் பக்கமே போக வேண்டாம்.

ஒரு வரி, ஒரு அளவீடு. ஒரு நெடுவரிசை, ஒரு பொருள். நெடுவரிசைப் பெயரோடு அலகையும் சேர்த்துவிடுங்கள். “ஈரம்” என்றால் கன அளவிலா எடையிலா? நூற்றுக்கு எத்தனை என்றா, பின்னமாகவா? மஞ்சள் நிறம் அடித்துச் சந்தேகத்தைக் குறிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிஎஸ்வியாகச் சேமித்த நொடியில் நிறம் காணாமல் போய்விடும்.

அளவீடு இல்லாத இடத்தில் பூஜ்யம் போடவே கூடாது. மழை பெய்யவில்லை என்பதும் மழைமானி வேலை செய்யவில்லை என்பதும் ஒன்றா? பழைய லாகர்கள் -9999 என்று எழுதும். அதுவும் சரிதான், ஆனால் ஆவணத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்குப் பின் வருபவர் சராசரி எடுத்து, ஜூலை மாத வெப்பம் மைனஸ் முந்நூறு பாகை என்று கண்டுபிடிப்பார்.

மூலத்தைத் தொடாதீர்கள்

கருவியிலிருந்து வந்த கோப்பை அப்படியே ஒரு ஃபோல்டரில் போட்டு, எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள். திருத்தம் எல்லாம் நகலில். திருத்தத்தைக் கையால் செய்யாமல் நிரல் மூலம் செய்தால், என்ன மாற்றினீர்கள் என்பதற்கு நிரலே சாட்சி.

சந்தேகமான மதிப்பை அழிக்காமல் பக்கத்து நெடுவரிசையில் கொடி போடுங்கள்: 0 என்றால் சரி, 1 என்றால் சந்தேகம், 2 என்றால் பயன்படாது. இதன் அருமையைச் சொல்ல ஓசோன் கதை ஒன்று போதும். 1985இல் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் ஓசோன் வசந்த காலத்தில் பெரிதும் குறைவதாக எழுதினார்கள். நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அதற்கு முன்பே அந்தப் பகுதியை அளந்துகொண்டுதான் இருந்தது. 180 டாப்சன் அலகுக்குக் (ஓசோனை அளக்கும் அலகு) கீழே வந்த மதிப்புகளை அதன் மென்பொருள் நம்பத்தகாதவை என்று குறித்து ஒதுக்கியிருந்தது. கணினி அந்த எண்களை அழித்துவிட்டது என்று பலர் இன்றும் சொல்வார்கள். அழிக்கவில்லை, கொடி மட்டும்தான் போட்டிருந்தது. அதனால்தான் திரும்பப் போய் எடுத்து, ஓசோன் துளை கண்டம் அளவுக்கு விரிந்திருப்பதை வரைபடமாகக் காட்ட முடிந்தது.

சேமிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். பல்கலைக்கழக நெட்வொர்க் டிரைவ் பொதுவாக இரவில் தானே நகலெடுத்துக்கொள்ளும். பையில் கிடக்கும் ஹார்ட் டிஸ்கைப் பிரதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எங்கே வெளியிடுவது

கட்டுரையோடு இணைப்பாக ஒட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. புவி அறிவியலின் பெரிய இதழ்கள் தரவு நம்பகமான களஞ்சியத்தில், தனி டிஓஐ எண்ணோடு (இணையத்தில் என்றும் மாறாத அடையாள எண்) இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. “கேட்டால் தருகிறோம்” என்ற வாக்கியத்தையும் அவை விரும்புவதில்லை. ஃபோன் சோதனையில் அந்த வாக்கியம் முதல் நொடியிலேயே தோற்றுவிடுமே!

எந்தக் களஞ்சியம் என்பது தரவைப் பொறுத்தது. கடல், வண்டல், பனி, சூழல் அளவீடுகளுக்கு பாங்கேயா. பிரேமர்ஹாஃபனின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் பிரேமன் பல்கலைக்கழகத்தின் மாரும் மையமும் நடத்துகின்றன. போட்ஸ்டாமின் ஜிஎஃப்இசட் மையம் திடபூமித் தரவுகளுக்கென்று களஞ்சியம் வைத்திருக்கிறது. நிலநடுக்க அலைகள் மினிசீட் என்ற வடிவத்தில், அதே மையத்தின் ஜியோஃபோன் போன்ற வலையமைப்புகளுக்குப் போகும். காலநிலை மாதிரிகளின் வெளியீடு நெட்சிடிஎஃப் வடிவத்தில் ஹாம்பர்க்கில் உள்ள உலகக் காலநிலைத் தரவு மையத்துக்கு. எதுவும் பொருந்தவில்லை என்றால் செர்ன் நடத்தும் ஸெனோடோ இருக்கிறது, ஒரு பதிவுக்கு வழக்கமாக 50 ஜிபி வரை வாங்கிக்கொள்ளும். வேறு துறைக் களஞ்சியம் வேண்டுமானால் ஆர்இ3டேட்டா என்ற பட்டியலில் தேடலாம்.

ஸெனோடோ சுலபம். கோப்பை ஏற்றினால் சில நிமிடத்தில் எண் கிடைத்துவிடும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். பாங்கேயாவில் ஒரு தரவுத் தொகுப்பாசிரியர் உங்கள் நெடுவரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, “இந்த அலகு சரியா? ஆழம் எந்த மட்டத்திலிருந்து?” என்று கேட்டு எழுதுவார். வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். எரிச்சலாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்த எரிச்சலைத் தாங்கிக்கொள்வது நல்லது. அவர்தான் உங்களுக்கு ஃபோன் செய்யக்கூடிய கடைசி ஆள், அவர் கேட்டு முடித்துவிட்டால் பிறகு வருபவர்கள் கேட்க வேண்டியதில்லை. கட்டுரையை அனுப்பும் நாளன்று தரவை அனுப்பாதீர்கள், சில மாதம் முன்பே அனுப்புங்கள்.

கூடவே ஒரு ரீட்மீ கோப்பு. யார், எங்கே, எப்போது, எந்தக் கருவி, அதன் மாதிரி எண், எப்போது அளவு திருத்தம் செய்தது, ஒவ்வொரு நெடுவரிசையின் பொருள், கொடிகளின் பொருள், தெரிந்த குறைகள். குறைகளை எழுதக் கூச்சப்பட வேண்டாம். “2023 பிப்ரவரியில் சென்சார் 7 உறைந்துவிட்டது” என்ற ஒரு வரி, பின்னால் வருபவருக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். எழுதி முடித்ததும் வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு வரைபடம் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். அவர் வாய் திறந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ரீட்மீயில் விடுபட்ட ஒரு வரி.

உரிமம்: பெரும்பாலும் சிசி பை 4.0 போதும். பெயரைச் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அடுத்த குழுவின் எண்களும் கலந்திருந்தால் முன்பே எழுதிய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அரசு நிறுவனத்திடமிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ எடுத்த மூலத் தரவை மறுபடி ஏற்ற வேண்டாம். எங்கே கிடைக்கும், எந்தப் பதிப்பு, எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று எழுதினால் போதும்.

நிலவுடைமையாளரின் தனிக் கிணறு, அரிய புதைபடிவம் கிடைத்த இடம் போன்றவற்றின் துல்லியமான ஆயத்தொலைவை வெளியிடலாமா என்பதைத் தரவு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது.

வெளியான பிறகு டிஓஐயை உங்கள் ஆர்கிட் பக்கத்தில் சேருங்கள். கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலேயே தரவையும் ஒரு படைப்பாகக் குறிப்பிடுங்கள். தரவு கிடைக்குமிடம் பற்றிய பத்தியில் மட்டும் எண்ணைப் போட்டுவிட்டு நிறுத்தினால் மேற்கோள் கணக்கில் ஏறாமல் போகலாம். வயலைக் கொடுத்த விவசாயிக்கும் பேட்டரி மாற்றிய தொழில்நுட்பருக்கும் இணைப்பை அனுப்பிவையுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பிழை கண்ணில் படும். எல்லோருக்கும் படும். அப்போது பழைய கோப்பை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். அதை யாராவது ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார்கள். களஞ்சியத்துக்கு எழுதினால் புதிய பதிப்பு போட்டு, எது மாறியது என்ற குறிப்போடு இரண்டையும் இணைத்துவிடுவார்கள். நான் கோடை நேரத்தில் கோட்டைவிட்ட அந்த மண் ஈரத் தரவு இப்போது மூன்றாம் பதிப்பில் இருக்கிறது.